பலூஸ் குதிரை அப்பலூசா ஆன விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

## எதற்காக இந்த ஆய்வு

உடம்பில் வெள்ளைப் படலம், அதன் மேல் கருப்பும் பழுப்புமாகப் புள்ளிகள், கண்ணைச் சுற்றி மனிதக் கண்போலத் தெரியும் வெண்விழி, குளம்பில் நெடுக்குக் கோடுகள். இந்த அடையாளங்களோடு ஒரு குதிரையை அமெரிக்காவில் பார்த்தால் யாரும் யோசிக்காமல் 'அப்பலூசா' என்பார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருக்கும்: பலூஸ் ஆற்றிலிருந்து.

பதில் அநேகமாகச் சரிதான். ஆனால் பெயரின் ஊற்றைக் கண்டுபிடித்தவர்கள், குதிரையின் ஊற்றையும் கண்டுபிடித்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டாவது அடி எப்படி எடுத்து வைக்கப்பட்டது, அதை வைத்து என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, அப்புறம் என்ன ஆனது என்பதை வரிசையாகப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் வேலை. நடுவில் வரும் முக்கியமானவர்கள் மூவர்: ஒரு வரலாற்று ஆசிரியர், ஒரு கோதுமை விவசாயி, பின்னால் வந்த ஓர் அலுவலகச் செயலாளர். ஆள் யார் என்பதைவிட அவர்கள் எடுத்த முடிவுதான் நமக்கு வேண்டும் என்பதால் மூவரையும் தொழிலை வைத்தே குறிப்பிடுகிறேன்.

## பின்னணி: ஆறும் மக்களும்

பலூஸ் ஆறு ஐடஹோ மாநிலத்தில் பிறந்து, வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கு வழியாக ஓடி, ஸ்னேக் ஆற்றில் கலக்கிறது. அது பாயும் பகுதி முழுக்கக் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் மண் மேடுகள். இன்று அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது புல்வெளி, குதிரை மேய்ச்சலுக்கு அதைவிட நல்ல நிலம் அமைவது கஷ்டம்.

ஆறு ஸ்னேக்கில் கலக்கும் இடத்தில் பலூஸ் மக்களின் முக்கியமான ஊர் இருந்தது. அவர்கள் பேசியது சஹாப்டின் குடும்பத்து மொழி. ஊரின் பெயரும் மக்களின் பெயரும் ஒன்றுதான். அங்கே ஆற்றில் நின்ற ஒரு பெரிய பாறையை வைத்து, 'தண்ணீரில் நிமிர்ந்து நிற்பது' என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது என்பது மொழியியலாளர்கள் தரும் விளக்கம். பிரெஞ்சு பேசிய, விலங்கு ரோமத் தோல் வாங்கி விற்ற வணிகர்கள் தங்கள் மொழியில் புல்தரையைக் குறிக்கும் 'பெலூஸ்' என்ற சொல்லை இந்த நிலத்துக்கு வைத்தார்கள் என்ற மாற்றுக் கதையும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம். உள்ளூர்ப் பெயர் காதில் விழுந்ததும் வெளியாள் தன் மொழியில் அதற்கு ஒத்த சொல்லைத் தேடுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். இதில் கவனிக்க வேண்டியது வேறு. 1805 அக்டோபரில், மேற்கை ஆராய அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ், கிளார்க் பயணக் குழு அந்தச் சங்கமத்தைக் கடந்தபோது, தங்கள் ஆள் ஒருவரின் பெயரை வைத்து ஆற்றை 'ட்ரூயர் ஆறு' என்று எழுதிக்கொண்டார்கள். வரைபடக்காரர்கள் வைத்த பெயர் நிற்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்களின் பெயரே ஆற்றில் ஒட்டிக்கொண்டது.

பலூஸ் மக்களுக்குக் கிழக்கேயும் தெற்கேயும் இருந்தவர்கள் நெஸ் பெர்ஸ். அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது நிமீபூ என்று. 'நெஸ் பெர்ஸ்' என்பது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பட்டப்பெயர், மூக்குக் குத்தியவர்கள் என்று அர்த்தம். இந்த இரண்டு மக்களும் மொழியால் உறவினர்; பெண் கொடுத்து எடுத்தார்கள், மேய்ச்சல் நிலமும் பகிர்ந்துகொண்டார்கள். ஆனாலும் தனித்தனி மக்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## முதலில் கவனிக்கப்பட்டவை

ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகளின் வழி வந்தவை, ஷோஷோனி மக்கள் மூலமாக 1730 வாக்கில் நெஸ் பெர்ஸ் மக்களிடம் வந்து சேர்ந்தன. அடுத்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் அவர்கள் கைதேர்ந்த குதிரை வளர்ப்பாளர்கள் ஆனார்கள். சரியில்லாத ஆண் குதிரைகளுக்குக் காயடித்து, நல்லவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தக் கண்டத்தில் இப்படித் தேர்ந்தெடுத்து வளர்த்த பழங்குடி மக்கள் மிகச் சிலர்.

இதற்கு அசைக்க முடியாத சாட்சி ஒன்று இருக்கிறது. 1806 பிப்ரவரி 15 அன்று, கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த அந்தக் குழுவின் தலைவர் மெரிவெதர் லூயிஸ் தன் நாட்குறிப்பில் இந்தப் பக்கத்துக் குதிரைகளைப் பற்றி எழுதினார். உயரமானவை, அழகான உடற்கட்டு, சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி. பல குதிரைகள் இங்கிலாந்தின் நல்ல ஓட்டக் குதிரைகளைப் போல இருக்கின்றன என்று மெச்சினார். சில குதிரைகளில் கரும்பழுப்பு நிறத்தின் இடையே பெரிய வெள்ளைத் திட்டுகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கின்றன என்றும் குறித்தார். பிற்காலத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டிய வரி இது. அடுத்த வரியை அவ்வளவாக யாரும் எடுத்துக்காட்டவில்லை: மிகப் பெரும்பாலானவை ஒரே நிறம் கொண்டவை, நெற்றியில் பொட்டும் காலில் வெள்ளையும் மட்டும் உண்டு என்று அதில் இருக்கிறது.

லூயிஸ் பார்த்த திட்டு, இன்று நாம் அப்பலூசா என்று சொல்லும் சிறுத்தைப் புள்ளியா, இல்லை பெரிய ஒட்டுப்போட்ட மாதிரி வரும் வேறு வகையா என்பதைக்கூட அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. அன்றைய நெஸ் பெர்ஸ் குதிரைகளில் பத்தில் ஒன்றுதான் புள்ளிக் குதிரையாக இருந்திருக்கும் என்பது, இந்த இனத்துக்கான சங்கமே பின்னாளில் செய்த மதிப்பீடு. ஆக, அந்த மக்கள் நிறத்தைப் பார்த்து வளர்க்கவில்லை. ஓட்டத்தையும் உழைப்பையும் பார்த்தே வளர்த்தார்கள் என்று படிப்பதுதான் சான்றுக்கு நெருக்கமானது.

## மந்தைகள் கலைந்தன

1858 செப்டம்பரில் அமெரிக்க ராணுவத்தின் கர்னல் ஜார்ஜ் ரைட், ஸ்போகேன் ஆற்றங்கரையில் பிடிபட்ட குதிரைகளைக் கொல்ல உத்தரவிட்டார். எண்ணிக்கை 700-க்கும் 800-க்கும் இடையில். அவை பலூஸ் தலைவர் ஒருவரின் மந்தை. எதிரியை நடக்க வைத்துவிட்டால் போர் முடிந்தது என்பதுதான் அதன் பின்னிருந்த கணக்கு.

1877-ல் நெஸ் பெர்ஸ் போர். ஒப்பந்தப்படி மிச்சமிருந்த நிலத்தையும் விட்டு வெளியேறச் சொன்னபோது, தலைவர் ஜோசப் உள்ளிட்டோரின் கூட்டங்கள் கனடா எல்லையை நோக்கிப் புறப்பட்டன. பலூஸ் மக்களின் ஒரு கூட்டமும் அவர்களோடு சேர்ந்து போனது. இன்று தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவிக்கப்பட்டிருக்கும் அந்த வழியின் நீளம் 1,170 மைல். முதியவர்கள், குழந்தைகள் எல்லோரையும் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் ராணுவத்துக்கு முன்னால் போனது அந்தக் குதிரைகள்தான். அக்டோபர் 5 அன்று மொன்டானாவின் பேர் பா மலையடியில், எல்லைக்குச் சுமார் 40 மைல் இருக்கும்போது சரணடைந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் பறிக்கப்பட்டன. விற்க முடிந்தவற்றை விற்றார்கள், மீதியில் பலவற்றைச் சுட்டார்கள்.

பெயரின் கதைக்கு இது ஏன் முக்கியம்? குதிரையை வளர்த்தவர்களும் குதிரையும் இங்கேதான் பிரிந்தார்கள். இதற்குப் பிறகு அந்தக் குதிரைகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவு செய்தவர்கள் வாங்கியவர்கள்தான். வளர்த்தவர்களை யாரும் கேட்கவில்லை.

## பெயர் வாய்வழி மாறிய காலம்

குடியேறிய வெள்ளைக்காரர்கள் அந்தப் பக்கத்துப் புள்ளிக் குதிரையை 'பலூஸ் ஹார்ஸ்' என்றார்கள். அவர்கள் நினைத்தது ஆற்றங்கரை நிலத்தையா மக்களையா என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, பேச்சில் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒரு பொருளைச் சொல்லும்போது முன்னால் 'அ' என்று ஒரு சிறு சொல் வரும். 'அ பலூஸ்' என்பதைப் பண்ணையில் வேகமாகச் சொன்னால் காதில் விழுவது 'அபலூஸ்'. எழுதத் தெரிந்தவர் கேட்டபடி எழுதினார். அப்பலூசி, அபலூசி, அப்பலூசா என்று பல விதமாக எழுத்தில் வரத் தொடங்கியது.

இது கட்டிச் சொன்ன கதை மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் ஆங்கிலத்தில் இந்த ஒட்டும் வெட்டும் சகஜம். 'ஏப்ரன்' ஒரு காலத்தில் 'நேப்ரன்'. முதல் எழுத்தை முன்னால் இருந்த சிறு சொல் இழுத்துக்கொண்டது. 'நியூட்' என்ற பல்லி போன்ற பிராணிக்கு அதே சிறு சொல்லிலிருந்து ஓர் எழுத்து கிடைத்தது. ஆரஞ்சும் அப்படித்தான். நாரங்கமாக, நம் நாரத்தையின் உறவாகக் கிளம்பிய சொல், ஐரோப்பிய மொழிகளின் வாயில் முதல் 'ந' ஒலியைத் தொலைத்தது. அதனால் 'அ பலூஸ்' ஒட்டிக்கொண்டது என்பதில் மொழி விதிப்படி எந்த இடறலும் இல்லை.

இதே ஒலிக்கு இன்னொரு ஊரும் உரிமை கேட்கிறது. தெற்கே லூசியானாவில் ஓப்பலூசஸ் என்று ஓர் ஊர் உண்டு, அந்தப் பெயரில் பழங்குடி மக்களும் இருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோனவர்கள் 'ஓப்பலூசா' என்ற முரட்டுக் குதிரையை வைத்திருந்ததாக ஒரு வாதம். ஒலி நெருங்குகிறது. ஆனால் அந்த வாதத்தில் குதிரை உழைப்பாளியாக வருகிறதே தவிரப் புள்ளிக் குதிரையாக வரவில்லை. வடமேற்கிலோ பெயர், குதிரை, இடம் மூன்றும் ஒரே மேட்டில் நிற்கின்றன. எனக்கு பலூஸ் பக்கமே கனமாகத் தெரிகிறது.

இந்தக் காலம் முழுக்கக் குதிரை என்ன செய்துகொண்டிருந்தது என்றால், பண்ணைகளில் மாடு மேய்த்தது, சர்க்கஸிலும் பஃபலோ பில் நடத்திய மேற்கத்தியக் காட்சிகளிலும் வேடிக்கை காட்டியது. தனி இனம் என்று கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் யாரும் அதை நினைக்கவில்லை.

## 1937, 1938: எடுத்த முடிவுகள்

ஐடஹோவின் லூயிஸ்டன் ஊரில் இருந்த வரலாற்று ஆசிரியர், 1937 ஜனவரியில் குதிரை வளர்ப்போருக்கான ஓர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே அவருடைய நிதானம் தெரிகிறது: அப்பலூசா, 'அல்லது' பலூஸ் குதிரை என்று இரண்டு பெயரையும் அருகருகே வைத்தார். நெஸ் பெர்ஸ் மக்களையும் அவர்களுடைய குதிரை வளர்ப்பையும் இந்தப் புள்ளிக் குதிரையோடு இணைத்தார். அதற்கு வரவேற்பு எதிர்பாராத அளவுக்கு இருந்தது. தன் கொட்டகையில் நிற்கும் புள்ளிக் குதிரைக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

ஓரிகன் மாநிலம் மோரோ என்ற சிற்றூரில் ஒரு கோதுமை விவசாயி ஏற்கெனவே இந்தக் குதிரைகளைத் தேடிப் பிடித்து வளர்த்துக்கொண்டிருந்தார். 1938-ல் அவரும் இன்னும் சில வளர்ப்பாளர்களும் சேர்ந்து சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். அன்றைய நிலைமையில் அவர்கள் எடுத்த முடிவுகள் மூன்று என்று சொல்லலாம்.

'அப்பலூசா' என்பதைப் பதிவுப் பெயராக வைத்தது முதலாவது. ஆசிரியர் போட்ட 'அல்லது' இங்கே விழுந்துவிட்டது. ஒரு பதிவேட்டுக்கு இரண்டு பெயர் வைக்க முடியாது என்ற அளவில் இதைக் குறை சொல்ல முடியாது. ஒட்டுப்போட்ட பேச்சுவடிவம் ஜெயித்ததற்கு நடைமுறைக் காரணமும் புரிகிறது: 'பலூஸ்' என்றால் ஆறா, ஊரா, மக்களா, கோதுமை மேடா என்று கேட்க வேண்டும். 'அப்பலூசா' என்றால் குதிரை மட்டும்தான்.

இரண்டாவது, அழிந்துபோகாமல் காக்க வேண்டும் என்பதற்காக வெளி இனங்களைக் கலக்க அனுமதித்தது. விவசாயியே அரேபியக் குதிரையின் இரத்தத்தைச் சேர்த்தார். பின்னாளில் கலப்பு அரேபியன், தரோபிரெட், குவார்ட்டர் ஹார்ஸ் என்று மூன்றோடு நிறுத்தப்பட்டது. குதிரைகள் அவ்வளவு குறைவாக இருந்த நேரத்தில் வேறு வழியும் இருந்திருக்காது.

மூன்றாவதுதான் இந்த ஆய்வின் மையம். புள்ளியை இனத்தின் அடையாளமாக்கினார்கள். பெயர் பலூஸ் நிலத்தைச் சொல்கிறது. அந்த நிலத்தின் பக்கத்தில் நெஸ் பெர்ஸ் மக்கள் தேர்ந்தெடுத்துக் குதிரை வளர்த்தார்கள். ஆகவே புள்ளிதான் அவர்கள் தேர்ந்தெடுத்த குணம் என்று சங்கிலி கோக்கப்பட்டது. முதல் இரண்டு கண்ணிகளும் உறுதியானவை. மூன்றாவது அவற்றிலிருந்து வரவே வராது. பெயரைச் சூட்டியவர்கள் குடியேறிகள், அவர்கள் கண்ணை இழுத்தது புள்ளி. வளர்த்தவர்களின் கண் எதில் இருந்தது என்பதற்கு அந்தப் பெயர் சாட்சி சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, பெயரில் இருப்பது பலூஸ் மக்கள், புகழில் இருப்பது நெஸ் பெர்ஸ் மக்கள். 1858-ல் மந்தையை இழந்தவர்கள் கதையிலிருந்தே மெல்ல வெளியே போனார்கள். பழங்குடிகளுக்கு அரசு ஒதுக்கும் நிலமான ஒதுக்கிடமும் அவர்களுக்குத் தனியாகக் கிடைக்கவில்லை. வழித்தோன்றல்கள் கால்வில், யாக்கிமா உள்ளிட்ட ஒதுக்கிடங்களில் கலந்துவிட்டார்கள். பெயரைத் தந்த பழைய சங்கமத்தையும் 1969-ல் லோயர் மானுமென்டல் அணையின் நீர் மூடியது.

## பின்விளைவுகள்

1947-ல் சங்கம் ஐடஹோவின் மாஸ்கோ நகருக்கு இடம் மாறியது. புதுச் செயலாளர் பொறுப்பேற்றபோது பதிவில் இருந்தவை ஏறக்குறைய 200 குதிரைகள், உறுப்பினர்கள் 100 பேர். மாஸ்கோ இருப்பது பலூஸ் மேடுகளுக்கு நடுவில் என்பதால் பெயர் தன் பிறந்த வீட்டுக்குத் திரும்பியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1950-களில் 'அப்பலூசா' என்ற எழுத்துமுறையே சரியானது என்று நிலைபெற்றது, மற்ற வடிவங்கள் ஓய்ந்தன. 1975-ல் ஐடஹோ இதைத் தன் மாநிலக் குதிரை ஆக்கியது. அமெரிக்காவின் மிகப் பெரிய குதிரைப் பதிவேடுகளில் ஒன்றாக அது வளர்ந்தது. பதிவான குதிரைகள் ஆறு லட்சத்தைத் தாண்டின. செயலாளரின் நீண்ட உழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால் மூன்றாவது முடிவின் விலையும் கூடவே வந்தது. புள்ளிதான் அடையாளம் என்று வைத்தபின், இரு பக்கமும் பதிவு பெற்ற தாய் தந்தைக்குப் புள்ளியே இல்லாமல் பிறக்கும் குட்டியை என்ன செய்வது? இப்படிப் பிறப்பது சாதாரணம். நிறம் இல்லாத குட்டிகளுக்குக் கட்டுப்பாட்டோடு பதிவு என்று ஒரு ஏற்பாடு வந்தது, சச்சரவு மட்டும் ஓயவில்லை. லூயிஸ் பார்த்த மந்தையை அப்படியே கொண்டுவந்து இந்தப் பதிவேட்டின் முன் நிறுத்தியிருந்தால் பெரும்பாலானவை இந்தக் கட்டுப்பாட்டு வரிசையில்தான் நின்றிருக்கும்!

அப்புறம் மரபணுச் சான்று வந்தது. இந்தப் புள்ளிக்குக் காரணம் டிஆர்பிஎம்1 என்ற மரபணுவில் நுழைந்த ஒரு துண்டு என்று 2013-ல் தெளிவானது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குதிரைக்குப் பிறவியிலேயே இரவில் பார்வை இருக்காது. இருட்டில் ஓட்ட வேண்டிய மக்கள் புள்ளியை மட்டும் குறிவைத்து வளர்த்திருப்பார்களா என்று இதைப் படித்தபோது யோசித்தேன். 2011-ல் வந்த பழங்கால மரபணு ஆய்வு இன்னும் பின்னே போனது: பனிக்காலத்து ஐரோப்பியக் குதிரைகளிலேயே இந்தப் புள்ளி இருந்தது. பிரான்ஸின் பெஷ் மெர்ல் குகைச் சுவரில் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் வரைந்த புள்ளிக் குதிரைகள் கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. பெயர் பலூஸ் ஆற்றில் பிறந்தது, புள்ளி அங்கே பிறக்கவில்லை.

1994 வாக்கில் நெஸ் பெர்ஸ் மக்களே ஐடஹோவில் தங்கள் ஒதுக்கிடத்து ஊரான லாப்வாயில் ஒரு வளர்ப்புத் திட்டம் தொடங்கினார்கள். அப்பலூசாவை மத்திய ஆசியாவின் அகல்-டெக்கே குதிரையோடு கலந்தார்கள். தங்கள் முன்னோர் வைத்திருந்த மெலிந்த, நீண்ட, தூரம் ஓடும் உடலைத் திரும்பக் கொண்டுவருவதே நோக்கம். அதற்கு வைத்த பெயர் 'நெஸ் பெர்ஸ் குதிரை'. புள்ளி இருந்தால் நல்லது, உடலும் ஓட்டமுமே முதலில்.

## எதை வேறு மாதிரி செய்திருக்கலாம்

ஒப்பிட்டுப் பார்க்க டென்மார்க்கின் நாப்ஸ்ட்ரப்பர் உதவும். அதுவும் புள்ளிக் குதிரைதான். 1812-ல் நாப்ஸ்ட்ரப்கோர்ட் பண்ணைக்கு வந்த ஒரு பெட்டைக் குதிரையின் வழி என்று கணக்கு இருக்கிறது, பண்ணையின் பெயரே இனத்தின் பெயர். அங்கே பெயரையும் குதிரையையும் நிறத்தையும் ஒரே காகிதத்தில் பிடித்துவிடலாம். அப்பலூசாவில் அந்தக் காகிதம் 1877-ல் கிழிந்துவிட்டது. அது இருப்பதுபோல நடந்துகொண்டதில்தான் தடுமாற்றம்.

1938-ல் இருந்தவர்கள் 'அப்பலூசா' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்ததை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். பேச்சில் வாழ்ந்த வடிவம் அது. ஆனால் ஆசிரியரின் 'அல்லது' பதிவேட்டின் முதல் பக்கத்திலாவது இருந்திருக்க வேண்டும். பண்ணைகளில் புழங்கிய மற்ற வடிவங்களையும், யார் எந்த மேட்டில் எதைச் சொன்னார்கள் என்பதையும் அன்றே கேட்டு எழுதியிருந்தால், இன்று ஓப்பலூசஸ் வாதத்துக்கு ஒரே மூச்சில் பதில் கிடைத்திருக்கும். 1877-ஐக் கண்ணால் கண்டவர்கள் அப்போது லாப்வாயில் இன்னும் உயிரோடு இருந்தார்கள். குதிரையில் எதைப் பார்த்து நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள் என்று அவர்களிடம் கேட்பது, வேறெந்த ஆவணத்தையும்விட முதலில் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது.

பெயர், நிறம், வம்சம் மூன்றையும் பதிவில் தனித்தனியாக வைத்திருந்தால் புள்ளியில்லாத குட்டிகளின் தகராறு இவ்வளவு நீண்டிருக்காது. இன்று ரத்தமோ முடியோ கொடுத்தால் ஒரு குதிரைக்குப் புள்ளி மரபணு ஒன்றா, இரண்டா, இல்லையா என்று பரிசோதனைக்கூடம் சொல்லிவிடுகிறது. அந்த முடிவு பதிவேட்டில் நிறத்துக்கான பகுதியில் போகட்டும். வம்சத்தைத் தாய் தந்தை சொல்லட்டும். பெயருக்கான விளக்கத்தில் பலூஸ் மக்களும் நெஸ் பெர்ஸ் மக்களும் இருவராகவே எழுதப்படட்டும்.